நெருப்பு எரிந்தால்தான் குளிரும்! - வீட்டு ஃப்ரிட்ஜைக் கழற்றிவிட்டு கேஸ் ஃப்ரிட்ஜுக்கு மாறும் அமெரிக்க டிரெய்லர்வாசிகள்

கரன்ட் இல்லாத பாலைவனத்தில் பாலும் இன்சுலினும் கெடாமல் இருக்க என்ன வழி? 100 வருடப் பழைய ஒரு ஸ்வீடன் கண்டுபிடிப்பு கைகொடுக்கிறது. ஆனால், மாட்டும் முறையில் பிசகினால் அதே ஃப்ரிட்ஜ் உயிருக்கே உலை வைத்துவிடும்.

புது வீடு கட்டுபவர்களுக்கு ஃப்ரிட்ஜ் ஒரு பெரிய விஷயமே இல்லை. கடைக்குப் போகிறோம், எத்தனை லிட்டர், எத்தனை ஸ்டார் என்று பார்க்கிறோம், வீட்டுக்கு வந்ததும் பிளக்கைச் சொருகுகிறோம். அவ்வளவுதான். ஆனால், வீடே சக்கரத்தில் ஓடினால்?

அமெரிக்காவில் காருக்கோ பிக்-அப் வண்டிக்கோ பின்னால் கோத்து இழுத்துச் செல்லும் டிரெய்லர் வீடுகளுக்குப் பஞ்சமே இல்லை. படுக்கை, சமையலறை, கழிவறை எல்லாம் உள்ளே இருக்கும். இப்படி இழுத்துச் செல்வது, தானே ஓடுவது என எல்லா வகைகளையும் சேர்த்து 'ஆர்.வி' என்று அழைக்கிறார்கள். விடுமுறைக்கு மட்டும் இதில் கிளம்புபவர்கள் ஒரு ரகம். ஓய்வுபெற்ற பிறகு வீட்டை விற்றுவிட்டு, வருடம் முழுக்க இதிலேயே குடியிருப்பவர்கள் இன்னொரு ரகம்.

இந்த இரண்டாவது ரகத்தினரிடையே அடிக்கடி எழும் ஒரு கேள்வி விநோதமானது. 'டிரெய்லரில் ஏற்கெனவே இருக்கும் வீட்டு ஃப்ரிட்ஜை எடுத்துவிட்டு, ஆர்.வி-க்கென்றே வரும் கேஸ் ஃப்ரிட்ஜை மாட்டலாமா?' நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், பெரிய, விலை குறைந்த ஃப்ரிட்ஜை எடுத்துவிட்டு, சிறிய, விலை அதிகமான ஒன்றை யாராவது மாட்டுவார்களா? மாட்டுகிறார்கள். காரணம், அவர்கள் போய் நிற்க விரும்பும் இடத்தில் பிளக் பாயின்ட் கிடையாது.

வாடகை இல்லாத வானம்

ஆர்.வி-க்காரர்கள் தங்குவதற்கென்றே அமெரிக்கா முழுக்க முகாம்கள் இருக்கின்றன. வண்டியை நிறுத்தியதும் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு மூன்றும் கிடைக்கும். அதற்குத் தினசரி வாடகை உண்டு. மாதக்கணக்கில் தங்கினால் நம் ஊர் வீட்டு வாடகைபோலவே பட்ஜெட்டைக் கடித்துவிடும்.

இன்னொரு வழி, அரசு நிலம். அமெரிக்க மத்திய அரசின் நில மேலாண்மை அமைப்பின் கையில் சுமார் 24.5 கோடி ஏக்கர் நிலம் இருக்கிறது. தமிழ்நாட்டைப் போல ஏழு மடங்குக்கும் மேல்! பெரும்பகுதி மேற்கு மாநிலங்களில். இதில் பல இடங்களில் 14 நாள்கள் வரை இலவசமாக முகாமிடலாம். பிறகு வேறு இடத்துக்கு நகர வேண்டும். அரிசோனா மாநிலத்தின் குவார்ட்ஸைட் என்ற சிற்றூரைச் சுற்றியுள்ள பாலைவனத்தில், கட்டணம் செலுத்தினால் செப்டம்பர் நடுவில் தொடங்கி ஏப்ரல் நடுப்பகுதி வரை ஏழு மாதங்கள்கூட தங்கலாம். குளிர்காலம் வந்தால் அங்கே ஆயிரக்கணக்கான ஆர்.வி-கள் வந்து குவியும். 2021-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வென்ற 'நோமேட்லேண்ட்' படத்தின் சில காட்சிகள் இந்த ஊரில் எடுக்கப்பட்டவைதான்.

இந்தப் பாலைவனத்தில் வானமும் நட்சத்திரமும் நிறையவே உண்டு. கரன்ட் கம்பம் மட்டும் இல்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பேட்டரியைக் குடிக்கும் ஃப்ரிட்ஜ்

வீட்டு ஃப்ரிட்ஜ் எப்படி டிரெய்லருக்குள் வந்தது? பெரிய ஆடம்பர டிரெய்லர்களில் சில நிறுவனங்களே அதைப் பொருத்தி விற்கின்றன. வேறு சில டிரெய்லர்களில், பழைய கேஸ் ஃப்ரிட்ஜ் பழுதானபோது 'புதிய கேஸ் ஃப்ரிட்ஜ் விலைக்கு இரண்டு வீட்டு ஃப்ரிட்ஜே வாங்கலாமே' என்று முந்தைய உரிமையாளர் மாற்றியிருப்பார். முகாமில் பிளக்கைச் சொருகி வாழும் வரை இரண்டுமே நல்ல முடிவுதான். இடம் அதிகம், குளிர்ச்சி சீராக இருக்கும், செலவும் குறைவு.

பிளக்கைக் கழற்றினால் கதை மாறிவிடுகிறது. ஒரு சின்ன கணக்கு போடுவோம்.

நடுத்தர அளவு வீட்டு ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 யூனிட் மின்சாரம் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். டிரெய்லரில் இருப்பதோ 12 வோல்ட் பேட்டரி. அதை வீட்டு மின்சாரமாக மாற்ற இன்வெர்ட்டர் வேண்டும். மாற்றும்போது பத்து சதவிகிதத்துக்கும் மேல் வீணாகும். 100 ஆம்பியர்-ஹவர் ஈய பேட்டரி ஒன்றில் இருப்பது 1.2 யூனிட். அதிலும் பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரியின் ஆயுள் குறையும் என்பதால், கைக்குக் கிடைப்பது 0.6 யூனிட்தான். ஆக, ஒரே நாளில் ஃப்ரிட்ஜ் மட்டும் இரண்டு பேட்டரிகளைக் காலி செய்துவிடும். விளக்கு, தண்ணீர் பம்ப், போன் சார்ஜ் எல்லாம் தனி.

அடுத்த நாள் வெயில் அடித்தால் சோலார் பேனல் காப்பாற்றும். மேகமூட்டமாக இருந்தால்? ஜெனரேட்டரை ஓட்ட வேண்டும். அமைதியைத் தேடி வந்த இடத்தில் நாளெல்லாம் 'டுர்ர்ர்...' சத்தம். பக்கத்து முகாம்காரர் முறைப்பார்.

இன்னொரு விஷயமும் உண்டு. வீட்டு ஃப்ரிட்ஜின் கதவைப் பிடித்துவைப்பது காந்தப் பட்டை மட்டும்தான். மேடுபள்ளமான மண் பாதையில் டிரெய்லர் குலுங்கும்போது கதவு திறந்து, முட்டையும் பாலும் தரையில் அபிஷேகம் ஆவது இவர்கள் வாழ்க்கையில் சகஜம். அதனால் பலர் கதவுக்குப் பட்டை கட்டிக்கொண்டு பயணிக்கிறார்கள். ஆர்.வி ஃப்ரிட்ஜ்களில் இதற்கென்றே தாழ்ப்பாள் இருக்கும்.

மண்பானைத் தத்துவம்

சரி, கேஸ் ஃப்ரிட்ஜ் எப்படி வேலை செய்கிறது? கேஸ் அடுப்பு தெரியும். அதே கேஸை எரித்து ஐஸ்கட்டி செய்வது எப்படி?

நம் மண்பானையை நினைத்துக்கொள்ளுங்கள். பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. பானை குளிர்கிறது. ஃப்ரிட்ஜின் அடிப்படையும் இதுதான். ஒரு திரவம் ஆவியாக வேண்டும். ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்த ஆவியை மறுபடி திரவமாக்கித் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

வீட்டு ஃப்ரிட்ஜில் இந்தக் கடைசி வேலையைச் செய்வது கம்ப்ரஸர். கேஸ் ஃப்ரிட்ஜில் கம்ப்ரஸரும் இல்லை; மோட்டாரும் இல்லை. மூடி முத்திரையிட்ட குழாய்களுக்குள் அமோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் இருக்கும். கீழே ஒரு சிறு சுடர் எரியும். அந்தச் சூட்டில் அமோனியா கலந்த நீர் கொதித்து, உலை பொங்கி மேலே ஏறுவதுபோலக் குழாயில் ஏறுகிறது. அமோனியா ஆவி தனியே பிரிந்து உச்சிக்குப் போய், அங்கே வெளிக்காற்றில் ஆறித் திரவமாகிறது. பிறகு ஹைட்ரஜன் இருக்கும் பகுதிக்கு இறங்கும்போது வேகமாக ஆவியாகி, ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. கடைசியில் தண்ணீர் அந்த அமோனியாவை மறுபடி தன்னுள் இழுத்துக்கொள்ள, சுற்று முதலிலிருந்து தொடங்குகிறது. எல்லாமே சூட்டாலும் புவியீர்ப்பாலும் நடப்பதால் சத்தமே வராது. பல ஹோட்டல் அறைகளில் இருக்கும் சின்ன ஃப்ரிட்ஜ் சத்தமில்லாமல் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அவற்றில் பல இந்த ரகம்தான். அங்கே சுடருக்குப் பதில் மின்சார ஹீட்டர் இருக்கும்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டு மாணவர்கள். ஸ்டாக்ஹோமின் ராயல் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் படித்துக்கொண்டிருந்த பால்ட்ஸர் ஃபான் பிளாட்டன், கார்ல் முன்டெர்ஸ் இருவரும் 1922-ல் இதை உருவாக்கினார்கள். 1925-ல் எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனம் இதைக் கையில் எடுத்தது. இன்று ஆர்.வி ஃப்ரிட்ஜ் சந்தையில் பெரிய பெயரான டொமெட்டிக், அந்த எலெக்ட்ரோலக்ஸிலிருந்து பிரிந்து வந்த நிறுவனம்தான்.

இந்தக் கதையில் ஐன்ஸ்டீனுக்கும் ஒரு ரோல் உண்டு! அந்தக் கால ஃப்ரிட்ஜ்களில் நச்சு வாயுக்கள் இருந்தன. பெர்லினில் ஒரு குடும்பமே ஃப்ரிட்ஜிலிருந்து கசிந்த வாயுவால் தூக்கத்திலேயே இறந்துபோன செய்தியைப் படித்து ஐன்ஸ்டீன் கலங்கிப்போனார். அசையும் பாகமே இல்லாவிட்டால் கசிவும் இருக்காதே என்று யோசித்து, இயற்பியலாளர் லியோ ஸிலார்டுடன் சேர்ந்து புது வகை ஃப்ரிட்ஜ்களை வடிவமைத்தார். 1930-ல் அவர்களுக்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால், அந்த ஃப்ரிட்ஜ் கடைக்கு வரவே இல்லை. மாணவர்களின் ஃப்ரிட்ஜ்தான் உலகம் சுற்றியது. மின் இணைப்பை ஏற்காத அமெரிக்காவின் ஆமிஷ் சமூகத்தினர் வீடுகளில் கேஸ் ஃப்ரிட்ஜைப் பார்க்கலாம். மின்சாரம் எட்டாத கிராமங்களில் மண்ணெண்ணெயில் ஓடிய ஃப்ரிட்ஜ்கள் தடுப்பூசிகளைக் காத்ததும் இதே தொழில்நுட்பத்தில்தான்.

ஒரு சிலிண்டர், பன்னிரண்டு நாள்

இப்போது கேஸ் கணக்கைப் பார்ப்போம். ஆர்.வி-களில் சாதாரணமாக இருப்பது 20 பவுண்டு புரொப்பேன் சிலிண்டர். அதாவது 9 கிலோ. நம் வீட்டு சிலிண்டரின் 14.2 கிலோவோடு ஒப்பிட்டால் சின்னதுதான். நடுத்தர ஆர்.வி ஃப்ரிட்ஜின் சுடர் இடைவிடாமல் எரிந்தாலும், இந்த ஒரு சிலிண்டர் ஏறக்குறைய 12 நாள்கள் வரும். போதுமான குளிர்ச்சி வந்ததும் சுடர் தானாக அடங்கிவிடும் என்பதால், நடைமுறையில் இன்னும் கூடுதலாகவே தாக்குப்பிடிக்கும். 14 நாள் இலவச முகாமுக்குக் கச்சிதமான கணக்கு!

மின்சாரமே வேண்டாமா என்றால், கொஞ்சம் வேண்டும். சுடரைப் பற்றவைக்கும், கண்காணிக்கும் கட்டுப்பாட்டுப் பலகைக்கு 12 வோல்ட் மின்சாரம் தேவை. அது மிகக் குறைவு. சின்ன சோலார் பேனலே போதும்.

அதற்காக இது சிக்கனமான ஃப்ரிட்ஜ் என்று நினைத்துவிடக் கூடாது. முகாமில் பிளக்கில் சொருகி ஓட்டினால், வீட்டு ஃப்ரிட்ஜைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். குளிர்வதும் மெதுவாகத்தான்.

கழற்றி மாட்டுவது எப்படி?

ஒரு ஃப்ரிட்ஜை எடுத்துவிட்டு இன்னொன்றை அந்த இடத்தில் நகர்த்தி வைக்கும் வேலை அல்ல இது. டிரெய்லரின் சுவர், கூரை, கேஸ் குழாய், மின்சாரம் நான்கிலும் கை வைக்க வேண்டும்.

*முதலில் வாசல்:* டிரெய்லரின் வாசல் நம் குளியலறைக் கதவு அகலம்தான் இருக்கும். பல டிரெய்லர்களில் தொழிற்சாலையில் சுவர் எழுப்பும் முன்பே ஃப்ரிட்ஜை உள்ளே வைத்துவிடுகிறார்கள். அதனால் பழையதை வெளியே எடுக்க, ஃப்ரிட்ஜின் கதவுகளைக் கழற்றியும் முடியாவிட்டால், டிரெய்லரின் ஜன்னலையே கழற்ற வேண்டிவரும். அளவெடுக்காமல் புதிதை ஆர்டர் செய்தால், அது வாசலுக்கு வெளியே மழையில் நிற்கும்.

*அடுத்து அலமாரி:* 8 கனஅடி, அதாவது 225 லிட்டர் அளவுள்ள ஆர்.வி ஃப்ரிட்ஜ் சுமார் 24 அங்குல அகலம், 24 அங்குல ஆழம், 60 அங்குல உயரமுள்ள இடத்தில் உட்காரும். வீட்டு ஃப்ரிட்ஜைச் சுற்றிக் காற்றோட்டத்துக்கு இடைவெளி விடச் சொல்வார்கள் அல்லவா? இங்கே நேர்மாறு. பக்கவாட்டில் ஒட்டி நிற்க வேண்டும். பின்னால் இருக்கும் குழாய்களுக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே ஓர் அங்குலம் அளவுக்குத்தான் இடைவெளி இருக்கலாம். அதிகம் இருந்தால், மேலே ஏறும் காற்று குழாய்களைத் தொடாமல் சும்மா போய்விடும், ஃப்ரிட்ஜ் குளிராது. இடைவெளி கூடுதலாக இருக்கும் டிரெய்லர்களில் தகடு வைத்து அடைத்து, காற்றைக் குழாய்களின் மேல் திருப்பிவிடுகிறார்கள்.

*மூன்றாவது, இரண்டு துவாரங்கள்:* வெளிச்சுவரின் அடியில் ஒன்று, குழாய்களுக்கு நேர் மேலே கூரையில் ஒன்று. கீழே குளிர்ந்த காற்று நுழைந்து, சூடாகி, மேலே வெளியேற வேண்டும். நம் பழைய ஓட்டு வீடுகளின் புகைபோக்கிபோலத்தான். முதலில் கேஸ் ஃப்ரிட்ஜ் இருந்து, பிறகு மாற்றப்பட்ட டிரெய்லர் என்றால் பழைய துவாரங்கள் அடைக்கப்பட்டு அப்படியே இருக்கலாம். அது பாதி வேலையை மிச்சமாக்கும். தொழிற்சாலையிலிருந்தே வீட்டு ஃப்ரிட்ஜோடு வந்த டிரெய்லர் என்றால், சுவரையும் கூரையையும் புதிதாக வெட்ட வேண்டும். உள்ளே ஓடும் வயரும் சட்டமும் எங்கே என்று தெரியாமல் ரம்பம் வைப்பது ஆபத்து. வெட்டிய இடத்தில் ஒட்டுப்பட்டை, சீலன்ட் சரியாக இல்லாவிட்டால் மழைநீர் இறங்கி, இரண்டு வருடத்தில் சுவரே உளுத்துவிடும்.

*நான்காவது, கேஸ் குழாய்:* அடுப்புக்கும் ஹீட்டருக்கும் போகும் லைனிலிருந்து செப்புக் குழாய் பிரித்து, தனி அடைப்பான் வைத்துக் கொண்டுவர வேண்டும். ஒவ்வோர் இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழ் வருகிறதா என்று பார்க்க வேண்டும். தீக்குச்சி கிழித்துச் சோதிப்பது மகா தவறு. கேஸ் அழுத்தத்தையும் கருவி வைத்து அளக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் சான்றிதழ் பெற்ற ஆர்.வி டெக்னீஷியனைக் கூப்பிடுவதுதான் புத்திசாலித்தனம்.

*கடைசியாகப் பொறுமை:* புதுக் குழாயில் காற்று அடைத்திருக்கும். அதனால் முதலில் அடுப்பைப் பற்றவைத்து, சுடர் சீராக எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஃப்ரிட்ஜை ஆன் செய்ய வேண்டும். முழுக் குளிர்ச்சிக்கு ஒரு நாள்கூட ஆகலாம். 'ரெண்டு மணி நேரமாச்சு, இன்னும் குளிரலையே' என்று பதற வேண்டாம். உள்ளே வைக்கும் பொருள்களையும் முன்பே குளிர்வித்து வைப்பது நல்லது.

கழற்றிய பழைய ஃப்ரிட்ஜைக் குப்பையில் போட்டுவிட முடியாது. அதில் இருக்கும் குளிரூட்டும் வாயுவை முறையாக மீட்டெடுத்த பிறகே அப்புறப்படுத்த வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். நல்ல நிலையில் இருந்தால் விற்றுவிடுவது லாபம்.

சுவருக்குப் பின்னால் இருக்கும் எமன்

இந்த வேலையில் பலரும் அலட்சியமாக விடும் ஒரு விஷயம்தான் உயிர் சம்பந்தப்பட்டது. ஃப்ரிட்ஜின் பின்புறம் எரிவது நிஜமான நெருப்பு. அது எரியும் அறைக்கும், நீங்கள் தூங்கும் அறைக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளிகூட இருக்கக் கூடாது. அமெரிக்காவில் ஆர்.வி-களுக்கான பாதுகாப்புத் தரநிலையும் இதையே வலியுறுத்துகிறது. சுடர் சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உருவாகும். அதற்கு நிறமோ மணமோ கிடையாது. டிரெய்லர் போன்ற சின்ன இடத்தில், தூங்கிக்கொண்டிருப்பவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. அமெரிக்காவில் பல பத்தாண்டுகளுக்கு முன் விற்பனையான செர்வெல் பிராண்ட் கேஸ் ஃப்ரிட்ஜ்களை இன்னமும் மலை வீடுகளில் ஓட்டுபவர்கள் இருந்தார்கள். கார்பன் மோனாக்சைடு மரணங்கள் நிகழ்ந்ததால், உடனே நிறுத்திவிடுங்கள் என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே எச்சரிக்கை விடுக்க வேண்டியிருந்தது.

தீ ஆபத்தும் உண்டு. கொதிகலன் குழாயில் விரிசல் விட்டுத் தீப்பிடிக்கும் அபாயம் தெரியவந்ததால், 2006-ல் டொமெட்டிக் நிறுவனம் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட ஃப்ரிட்ஜ்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தது. 2010-ல் இன்னொரு பெரிய நிறுவனமான நார்கோல்டும் தன் 1200 வரிசை ஃப்ரிட்ஜ்களுக்குத் திரும்ப அழைப்பு விடுத்தது. எனவே, செகண்ட் ஹேண்டில் ஆர்.வி ஃப்ரிட்ஜ் வாங்குபவர்கள் மாடல் எண்ணை வைத்து, திரும்ப அழைக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா, சரிசெய்யப்பட்டதா என்று பார்ப்பது கட்டாயம்.

கேஸ் ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

- கார்பன் மோனாக்சைடு அலாரம், கேஸ் கசிவு அலாரம் இரண்டும் வேலை செய்ய வேண்டும். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால் கேஸ் அலாரத்தைத் தரைக்கு அருகில்தான் வைக்க வேண்டும்.
- சுடர் நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தால் பர்னரைச் சுத்தம் செய்ய வேண்டும்.
- அமோனியா நெடி வந்தாலோ, பின்புறக் குழாய்களில் மஞ்சள் பொடி தெரிந்தாலோ உடனே அணைத்துவிட வேண்டும். துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் குரோமேட் வெளியே கசிகிறது என்று அர்த்தம். அது நச்சு, கையால் தொடக் கூடாது.
- பெட்ரோல் பங்குக்குள் நுழையும் முன் சுடரை அணைத்துவிட வேண்டும்.
- சில சுரங்கச் சாலைகளில் கேஸ் சிலிண்டரோடு போக முடியாது. பால்டிமோர் துறைமுகத்துக்கு அடியில் செல்லும் சுரங்கங்களில், ஆர்.வி-களில் இருக்கும் அளவு சிலிண்டர்களுக்கு அனுமதி இல்லை.

கொஞ்சம் சாய்ந்தாலும் கோபம்

கேஸ் ஃப்ரிட்ஜுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தரை மட்டமாக இருக்க வேண்டும். உள்ளே திரவம் புவியீர்ப்பால் மட்டுமே ஓடுவதால், டிரெய்லர் அதிகம் சாய்ந்து நின்றால் ஓட்டம் தடைபடும். பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி வரை தாங்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அதற்கு மேல் சாய்ந்த நிலையில் மணிக்கணக்கில் ஓடவிட்டால், சூடேறும் குழாய் காய்ந்து, உள்ளே அடைப்பு ஏற்பட்டு, ஃப்ரிட்ஜே நிரந்தரமாகச் செத்துவிடலாம். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது திரவம் குலுங்கிக்கொண்டே இருப்பதால் இந்தச் சிக்கல் வராது. நிறுத்திய பிறகுதான் ஆபத்து. ஆர்.வி-க்காரர்கள் முகாமுக்கு வந்ததும் முதல் வேலையாக ரசமட்டம் வைத்துப் பார்த்து, சக்கரத்துக்கு அடியில் கட்டை வைப்பது இதனால்தான்.

வெயிலும் இதற்குப் பகை. வெளியே 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் திணற ஆரம்பிக்கும். அதனால் ஃப்ரிட்ஜ் இருக்கும் பக்கத்தில் வெயில் விழாதபடி, அந்தப் பக்கம் வடக்கு பார்த்திருக்குமாறு டிரெய்லரை நிறுத்துகிறார்கள். மலை உச்சியும் பிரச்னைதான். 5,500 அடிக்கு மேல் போனால் காற்று மெலிந்து, சுடர் சரியாக எரியாமல் போகலாம். நம் ஊட்டி உயரத்தில் கேஸ் ஃப்ரிட்ஜ் முரண்டுபிடிக்க வாய்ப்பு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்சுலின் போன்ற மருந்து வைத்திருப்பவர்களுக்கு இது வெறும் வசதிப் பிரச்னை அல்ல. பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். உறைந்துபோனாலும் வீண், சூடானாலும் வீண். உணவுப் பொருள்கள் 4 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பது அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதி. கேஸ் ஃப்ரிட்ஜில் வெப்பநிலை ஏறி இறங்கும் என்பதால், உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வைத்து தினமும் பார்ப்பது நல்லது. உறைகுளிர்ப் பெட்டிக்கு ஒட்டிய தட்டில் இன்சுலினை வைக்கவே கூடாது.

மூன்றாவதாக ஒரு வழி

வீட்டு ஃப்ரிட்ஜா, கேஸ் ஃப்ரிட்ஜா என்ற பட்டிமன்றத்துக்கு நடுவே இப்போது ஒரு புது நடுவர் வந்திருக்கிறார். 12 வோல்ட் பேட்டரியிலேயே நேரடியாக ஓடும் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ். இன்வெர்ட்டர் வேண்டாம், கேஸ் வேண்டாம், சுவரை வெட்ட வேண்டாம், லேசாகச் சாய்ந்து நின்றாலும் கவலை இல்லை. சில மணி நேரத்திலேயே குளிர்ந்துவிடும். லித்தியம் பேட்டரியும் சோலார் பேனலும் விலை குறைந்துவருவதால், புதிய டிரெய்லர்களில் தொழிற்சாலையிலேயே இதைப் பொருத்துவது வேகமாகப் பெருகிவிட்டது.

ஆனால், இதுவும் தினமும் பேட்டரியைக் குடிக்கும் ஃப்ரிட்ஜ்தான். வீட்டு ஃப்ரிட்ஜைவிடக் குறைவாகக் குடிக்கும், அவ்வளவே. மூன்று நாள் தொடர்ந்து மேகமூட்டம் என்றால், சோலாரை நம்பியவர் வானத்தைப் பார்ப்பார். கேஸ் சிலிண்டரை நம்பியவர் நிம்மதியாக காபி குடிப்பார்.

எனவே, யாருக்கு எது?

- பெரும்பாலும் பிளக் வசதியுள்ள முகாமில்தான் தங்குவீர்கள் என்றால், இருக்கும் வீட்டு ஃப்ரிட்ஜைத் தொடாதீர்கள். கதவுக்கு ஒரு பட்டை வாங்கிப் போடுங்கள்.
- நல்ல சோலார், லித்தியம் பேட்டரி இருக்கிறது, அவ்வப்போது காட்டுக்குள் தங்குவீர்கள் என்றால் 12 வோல்ட் ஃப்ரிட்ஜ்.
- வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாத இடம்தான் உங்கள் வாழ்க்கை, துவாரமும் கேஸ் லைனும் ஏற்கெனவே டிரெய்லரில் இருக்கின்றன என்றால், கேஸ் ஃப்ரிட்ஜ் இன்றைக்கும் ராஜா.
- சுவரையும் கூரையையும் புதிதாக வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பல நேரம் அதே பணத்தில் கூடுதல் பேட்டரியும் பேனலும் வாங்கிவிடலாம்.

இட்லி மாவும் ஆர்.வி-யும்

அமெரிக்காவில் இருக்கும் மகன், மகள் வீட்டுக்குப் போகும்போது, கிராண்ட் கேன்யனுக்கோ யெல்லோஸ்டோனுக்கோ ஆர்.வி வாடகைக்கு எடுத்துக் கிளம்பும் வாய்ப்பு உங்களுக்கும் வரலாம். அப்போது வண்டியில் கேஸ் ஃப்ரிட்ஜ் இருந்தால் சில விஷயங்களை நினைவில் வையுங்கள். கிளம்புவதற்கு முதல் நாளே ஆன் செய்துவிடச் சொல்லுங்கள். சூடான சாம்பாரை அப்படியே உள்ளே வைக்காதீர்கள், ஆறவைத்து வையுங்கள். மூச்சுமுட்ட அடைக்காதீர்கள், உள்ளே குளிர்காற்று சுழல வேண்டும். இட்லி மாவைப் பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். வீட்டு ஃப்ரிட்ஜ் அளவுக்கு இது வேகமாகக் குளிராது. மாவு பொங்கி வழிந்தால், குலுங்கும் வண்டியில் துடைப்பது பெரும்பாடு. அடிக்கடி கதவைத் திறந்து 'என்ன இருக்கு' என்று பார்க்கும் பழக்கத்துக்கும் லீவு கொடுங்கள்.

ஒரு ஃப்ரிட்ஜை மாற்றுவதற்கு இவ்வளவு யோசனையா என்று தோன்றலாம். டிரெய்லரில் வாழ்பவர்களுக்கு அந்தப் பெட்டிதான் அடுத்த பத்து நாளை எங்கே கழிப்பது என்று முடிவு செய்கிறது. கேஸ் ஃப்ரிட்ஜ் அவர்களை பிளக்கிலிருந்து விடுவிக்கிறது. பதிலுக்கு அது கேட்பவை மூன்றுதான்... மட்டமான தரை, தடையில்லாத காற்று, ஓட்டை இல்லாத சுவர். இந்த மூன்றில் முதல் இரண்டைத் தவறவிட்டால் பால் கெடும், ஃப்ரிட்ஜேகூட செத்துவிடலாம். மூன்றாவதை மட்டும் ஒருபோதும் தவறவிடக் கூடாது.